முதல் பஸ்ஸில் இருக்க வேண்டிய பெயர்

மகனே, உனக்கு என் ஸலாம். நலமா என்று கேட்க மாட்டேன். நேற்று போனில் உன் குரலைக் கேட்டபோதே தெரிந்துவிட்டது. நீ என்னிடம் இத்தனை உற்சாகமாகப் பேசி எவ்வளவோ நாளாகிறது. நம் ஊர்ச் சங்கத்தின் துபாய்க் கிளைக்காரர்கள் வருகிற வெள்ளிக்கிழமை அல் கூஸில் கூட்டம் போடுகிறார்கள், போரின்போது குவைத்திலிருந்து மக்களைப் பத்திரமாக வெளியே கொண்டுபோனதற்காக எனக்குப் பொன்னாடையும் கேடயமும் தருகிறார்கள், என்னால் வர முடியாததால் என் சார்பில் நீ மேடையேறி வாங்கப் போகிறாய் என்று சொன்னாய். அடுத்த கிளைத் தலைவராக உன்னையே நிறுத்தலாமா என்று பேச்சு அடிபடுவதையும் சொன்னாய். கடைசியில், "உம்மாவப் பத்தி நான் ரெண்டு நிமிஷம் பேசப் போறேன் வாப்பா. சொந்த வைஃபையே லாஸ்ட் பஸ்ல வச்ச லீடர் வேற யாரு இருக்காங்க? எவ்ரிபடி ஷுட் நோ" என்றாய். கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ஆள் யாரும் வரவில்லை.

வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்று நினைத்தேன். அனுப்பினால் நீ பாதியில் நிறுத்திவிடுவாய், அல்லது நான் பாதியில் மழுப்பிவிடுவேன். மேடையில் பழகிய நாக்கு எனக்கு. எதைச் சொன்னால் கூட்டம் உருகும், எங்கே நிறுத்தினால் கை தட்டும் என்று அதற்குத் தன்னால் தெரியும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதை நீ வெள்ளிக்கிழமைக்கு முன்னால் படித்தாக வேண்டும். படித்த பிறகு என்னோடு பேசுவாயா என்று எனக்குத் தெரியாது. பேச மாட்டாய் என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ மேடையில் சொல்லப்போவது பொய். அந்தப் பொய்யைச் செய்து உன் கையில் கொடுத்தவன் நான்.

நீ சின்ன வயதில் என்னைக் கேலி செய்வாய். குவைத்தில் இந்த ஃபஹாஹீலில் ஒரு பகாலா வைத்து அரிசியும் பருப்பும் விற்கிற மனுஷனுக்கு எதற்கு இத்தனை அரசியல் என்பாய். நியாயமான கேள்விதான். நான் தலைவராக இருந்த நம் சங்கத்தில் மொத்தமே சில நூறு பேர். ஆனால் பதவிக்குப் பெரிசு சிறிசு கிடையாது. ஊரில் கட்சிக்காரன் படுகிற பாட்டை எல்லாம் நானும் பட்டேன். யார் யாரோடு பேசுவதில்லை, யாரை இஃப்தாரில் யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது, யாருக்கு முதலில் ஸலாம் சொன்னால் யார் முகம் வாடும், இதெல்லாம் எனக்கு மனப்பாடம். யாராவது மௌத்தானால் ஆஸ்பத்திரி, எம்பஸி, கார்கோ என்று மூன்று நாளில் மையித்தை ஊருக்கு அனுப்பிவைக்கிற வேலையை என்னைப் போல் வேறு ஒருத்தன் செய்ய முடியாது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஜனங்கள் என்னைத் தேடி வருவது அதைவிடப் பிடித்திருந்தது.

அப்புறம் அந்தப் பொது மன்னிப்பு வந்தது. தங்கும் அனுமதியான இகாமா காலாவதியானவர்கள் அபராதம் கட்டாமல், ஜெயிலுக்குப் போகாமல் நாட்டைவிட்டுப் போகலாம் என்று அரசாங்கம் ஒரு கெடு வைத்தது. எம்பஸியில் காகிதம் வாங்க அவரவர் சங்கம் மூலமாகப் பெயர்ப்பட்டியல் கொடுக்க வேண்டும். நம் ஊர்க்காரர்களின் பட்டியலை நான்தான் எழுதினேன். உன் உம்மாவின் தம்பி, உன் மாமா, விசா கொடுத்த கஃபீலோடு தகராறு செய்துகொண்டு ஒளிந்து திரிந்த காலம் அது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போதுதான் வந்து நின்றார். உன் உம்மா என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. அன்றைக்குக் கேட்டாள். நான் ஒரு பெயரைக் கீழே இறக்கிவிட்டு மச்சான் பெயரை மேலே போட்டேன். கீழே இறங்கிய பையன் சாகுலுக்குக் கெடுவுக்குள் காகிதம் வரவில்லை. பிடிபட்டு ஐந்து மாதம் உள்ளே இருந்தான். அதற்குள் ஊரில் அவன் தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். சாகுலின் அண்ணன் காசிம் அப்போது சங்கத்துச் செயலாளர்.

என்னை விலக்கியது அநியாயம் என்று நீ இன்றுவரை நம்புகிறாய். அதையும் நான்தான் உன்னை நம்ப வைத்தேன். பொறாமையில் செய்தார்கள் என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால், வேலியே பயிரை மேய்ந்த கதை அது, அவர்கள் செய்தது சரி. பதவியை எடுத்தார்கள், வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நம் ஊர்க்காரர்கள் வட்டமாக நின்று பேசுவார்களே, நான் போனால் அந்த வட்டம் கலைந்து கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி கூடும். ஸலாம் சொன்னால் பதில் சொல்வார்கள், அது மார்க்கக் கடமை என்பதால். முகம் மட்டும் வேறு பக்கம் இருக்கும். ரமலானில் சங்கத்தில் காய்ச்சுகிற நோன்புக் கஞ்சி ஒவ்வொரு வீட்டுக்கும் வாளியில் வரும், நம் வீட்டுக்கு மட்டும் நின்றுபோனது. நீ அப்போது பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். உம்மா காய்ச்சின கஞ்சியைக் குடித்துவிட்டு, இந்த வருஷம் கஞ்சி ஏன் வேற மாதிரி இருக்கு என்று கேட்டாய். இஞ்சி கூடிப்போச்சு என்று உம்மா சொன்னாள்.

ஏழு வருஷம் அப்படி இருந்தோம். என் பாட்டுக்கு எனக்குக் கடை இருந்தது. நம்மவர்கள் வராவிட்டாலும் வங்காளதேசத்துக்காரர்களும் ஆந்திராக்காரர்களும் வந்தார்கள். பழக்கதோஷம் விடாமல் எம்பஸி வாசலில் போய் நின்று யார் யாருக்கோ ஃபாரம் எழுதிக்கொடுத்தேன். உன் உம்மாவுக்கு என்ன இருந்தது? அவளுக்கு இந்த ஊரில் தெரிந்தது நம் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர்தான். அவர்கள் வருவது நின்றது. கல்யாணப் பத்திரிகை நின்றது. நீ துபாய்க்கு வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் சுவரோடுதான் பேசினாள். சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் தொடங்கியபோதும் பார்க்க யாரும் வரவில்லை. ஒருநாள் என்னிடம், "எந்தம்பிக்காகத்தானே உங்களுக்கு இந்தக் கதி. நான் கேட்டிருக்கக் கூடாது" என்றாள். நான் அதை மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம், பேனா பிடித்தது நான்தானே. அவள் மேல் பாரம் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு போர் வந்தது. யாருக்கும் யாருக்கும் சண்டை என்று நான் எழுத வேண்டியதில்லை, நீயும் துபாயில் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான். இங்கே எண்ணெய்க் கிணறுகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற எங்களுக்கு ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணாடி அதிர்ந்தது. விமான நிலையத்தை மூடினார்கள். அப்போதிருந்த சங்கத் தலைவர், பெரிய என்ஜினியர், ஒரு வாரம் முன்னாலேயே குடும்பத்தோடு லீவில் ஊருக்குப் போய்விட்டிருந்தார், புத்திசாலி. தரை வழியாக எல்லையைத் தாண்டி, சவூதிக்குள் தம்மாம் போய், அங்கிருந்து விமானம் பிடிப்பது ஒன்றுதான் வழி. பஸ் பிடிக்க வேண்டும், இரண்டு நாட்டுக் காகிதமும் வாங்க வேண்டும், அரபியில் சண்டை போடத் தெரிந்த ஆள் வேண்டும். மாலை அஸர் தொழுகை முடிந்து நான் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு கிடந்தது. ஏழு வருஷமாக முகம் திருப்பிக்கொண்ட அதே ஐந்து பேர்.

காசிம்தான் பேசினான், பழையபடி என்னை அண்ணன் முறை வைத்து. "காக்கா, பழச மறந்துருங்க. உங்கள விட்டா ஆள் இல்ல" என்றான். யோசிக்கிறவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே யோசனையே இல்லை மகனே, சந்தோஷம்தான் இருந்தது. வெளியே சைரன் கத்துகிறது, பிள்ளைகள் பயந்து அழுகிறார்கள், எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. உன் உம்மா அடுப்படியிலிருந்து தேநீர் கொண்டுவந்தாள். எத்தனையோ வருஷம் கழித்து அந்த வீட்டில் விருந்தாளிக்குத் தேநீர். அவள் முகம் மலர்ந்திருந்தது. எழுந்து போகும்போது காசிம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "இந்த வாட்டி லிஸ்ட்டு மட்டும் ஒழுங்கா இருக்கணும் காக்கா." குத்தலாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னைவிட்டுப் போகவில்லை.

இரண்டே நாளில் நான் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டேன். முதலில் நம் ஊர்க்காரர்கள், அப்புறம் பக்கத்து ஊர்கள், அப்புறம் தமிழர் எல்லோரும், அப்புறம் தெலுங்குக் கேம்ப், மலையாளி நர்சுகள், பீகார்ப் பிள்ளைகள். "பாய் சாப், ஹமாரா நாம்" என்று தங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி விடாமல் போன். எம்பஸி அதிகாரி என்னை மொபைலில் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார். பஸ் ஓட்டிய எகிப்துக்காரன் "யா ரயீஸ்" என்று அழைத்தான். ரயீஸ் என்றால் அவன் நாட்டில் ஜனாதிபதி. அதைக் கேட்டு நான் ஒருநாளும் அவனைத் திருத்தவில்லை. என்னை வட்டத்துக்குள் விடாமல் தள்ளி நின்றவர்கள் இப்போது என் வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்கள். நல்ல வேலையும் செய்தேன், அதை மறைக்க மாட்டேன். எல்லையில் வெயிலில் நின்று கெஞ்சி, மிரட்டி, ஒவ்வொருவராக அனுப்பினேன். அந்தக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இன்று உயிரோடு ஊரில் இருக்கிறார்கள். அதையும் உன்னிடம் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு பஸ், மொத்தம் நான்கு பஸ், அவ்வளவுதான் அனுமதி கிடைத்தது. நான்தான் விதி போட்டேன். நோயாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள் முதல் பஸ். மற்றப் பெண்களும் பிள்ளைகளும் இரண்டாவது. அடுத்து வயதான ஆண்கள். கடைசியில் மற்றவர்கள், அவர்களோடு நான். பள்ளிவாசல் மாடி அறையில் காசிமையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டியலை எழுதினேன். நோயாளிகள் பெயரைப் படித்துப் படித்து எழுதிக்கொண்டு வந்தேன். புற்றுநோய் ஒருவர், இதய நோய் இருவர், டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு மலையாளத்து ஆசிரியை. அடுத்த பெயர் உன் உம்மாவுடையது. எழுதாமல் தாண்டினேன். காசிம் கவனித்துவிட்டான். "காக்கா, ராத்தா பேரு விட்டுப் போச்சு" என்றான். "விட்டுப் போகல. அவ கடைசி பஸ்ஸுல என் கூட வருவா" என்றேன். "அவுக சீக்காளி காக்கா. யாரு என்ன சொல்லப் போறாக?" என்றான். நான் அடுத்த பெயரை எழுதத் தொடங்கிவிட்டேன். அவன் என் தோளில் கை வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. ஏழு வருஷக் கறை அந்த ஒரு நிமிஷத்தில் போனதாக நினைத்தேன்.

கவனமாகப் படி. உம்மாவுக்கு என்ன ஆனது, ஏன் பஸ் பிந்தியது என்று நீ போனில் அழுதுகொண்டே கேட்டபோது, எல்லாருக்கும் ஒரே விதி, விதிப்படிதான் நடந்தது என்று சொன்னேன். விதிப்படி அவள் பெயர் முதல் பஸ்ஸில் இருக்க வேண்டும். யாரும் அவளைப் பின்னால் தள்ளச் சொல்லவில்லை. யாரைப் பார்த்துப் பயந்தேனோ அவனே எழுதச் சொன்னான். போன தடவை அவள் வீட்டு ஆளை விதியை மீறி மேலே போட்டேன், இந்தத் தடவை அவளையே விதியை மீறிக் கீழே போட்டேன். இரண்டும் ஒரே குற்றம். ஆனால் முதலாவதுக்கு என்னை ஊரே ஒதுக்கியது, இரண்டாவதுக்குக் கேடயம் கொடுக்கிறது.

உன் மாமா இப்போது முறையான விசாவில் தம்மாமில்தான் இருக்கிறார் என்று உனக்குத் தெரியும். அக்கா வருகிறாள் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து டயாலிசிஸுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். முதல் பஸ் போய்ச் சேர்ந்தபோது நின்று பார்த்தார், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நின்றார். ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் செய்தார், நான் பிஸியாக இருந்தேன். இங்கே ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் வேலைக்கு வர முடியாமல் டயாலிசிஸ் மூன்று நாள் இரண்டாகி, கடைசி வாரத்தில் ஒன்றாகிவிட்டது. நான்காவது பஸ்ஸில் அவள் ஏறும்போதே கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. வெறுங்காலோடு ஏறினாள். எல்லையில் ஒருவனுடைய காகிதத்தில் சிக்கல், நான் இறங்கிப்போய் கவுன்டரில் ஒன்றரை மணி நேரம் வாதாடினேன். ஜெயித்துவிட்டுத்தான் வந்தேன். பஸ்ஸுக்குள் எல்லோரும் கை தட்டினார்கள். அவள் ஜன்னலில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். தம்மாம் ஆஸ்பத்திரி வாசலில் மாமா ஸ்ட்ரெச்சரோடு நின்றார். நண்பகல் லுஹர் பாங்கு சொல்வதற்குள் முடிந்துவிட்டது. நீ வர முடியாமல் வீடியோவில் ஜனாஸாவைப் பார்த்தாய். அந்த போனை உன் மாமா பிடித்திருந்தார், என்னோடு அவர் பேசியது அதுதான் கடைசி.

போர் ஓய்ந்து குவைத்துக்குத் திரும்பி வந்தபின் இங்கே இரங்கல் கூட்டம் வைத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். "என் மனைவியும் மக்களில் ஒருத்திதான்" என்றேன், அங்கே நிறுத்தினேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று நாக்குக்குத் தெரியும் என்றேனே. கூட்டம் அழுதது. அந்தக் கதை தம்மாம் போய், துபாய் போய், உன் காதுக்கு வந்து, இப்போது உன் வாயால் மேடையேறப் போகிறது. முதல் பஸ்ஸில் எழுதச் சொன்ன காசிமுக்கு மட்டும் உண்மை தெரியும். அவன் சொல்ல மாட்டான், என்னைத் திரும்ப அழைத்து வந்தவன் அவன், அவனுக்கும் இந்தக் கதை வேண்டியிருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. தலைவராகாதே என்று சொன்னால் கேட்க மாட்டாய், நானும் கேட்டிருக்க மாட்டேன். பதவிக்கு வந்தால் நேர்மையாக இரு என்றும் சொல்ல மாட்டேன், அன்றைக்கு நேர்மையாக இருப்பதாகத்தான் நான் நினைத்தேன். நான் திருந்திவிட்டேன் என்று எண்ணாதே. போன வாரம் மறுபடியும் ஒருமனதாக என்னையே தலைவராக்கினார்கள், வேண்டாம் என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. வானம் இப்போது அமைதியாக இருக்கிறது, எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கே மறுபடி செருப்புகள் வாசலில் வந்து கிடந்தால் நான் எழுந்து போவேன். உன் மாமாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை நம்பரைத் தேடினேன், அழுத்தவில்லை. வெள்ளிக்கிழமை நீ போவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். போனால் கேடயத்தை வாங்கிக்கொள், எனக்கு அனுப்பாதே. உம்மாவைப் பற்றி மட்டும் அங்கே பேசாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவையும் எழுதினேன். பட்டியலைக் குழுவில் போட்ட அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். உன் உம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தாள். யாரோ பெண்கள் போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். "எனக்குக் கடைசி பஸ்ஸா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சீக்காளிகளுக்கு மொத பஸ்ஸுன்னு நீங்கதானே சொன்னீக?" என்றாள். "ஊரு என்ன பேசும்?" என்றேன். தம்பி இடம் பிடித்து வைத்திருப்பதை அவள் ஞாபகப்படுத்துவாள் என்று பயந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை. அப்புறம், "இப்ப எல்லாரும் உங்ககிட்ட முகம் பாத்துப் பேசுறாகளா?" என்று கேட்டாள்.

"பேசுறாக" என்றேன்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, ஊருக்குக் கொண்டுபோகும் துணிகளை மடித்து வைக்க எழுந்தாள். அவள் எழுந்திருக்க முடியாமல் கட்டிலைப் பிடித்ததை நான் பார்த்தேன். போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.